இரண்டு சக்கரத்தில் பேச்சு கிடையாது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. பிரெஞ்சு நாட்டின் வடக்கே பெத்யூன் ஊரில், ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், பல வருஷத்துக்கு முன், அந்த வருஷத்துக் காட்சிகளின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒலிபெருக்கியில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன்: "பதறாதீங்க மக்களே, இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதிதான்!" சனம் கைதட்டியது. நான் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. விளங்கியிருந்தால் பீர்க்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். விளங்காததால் எழுதுகிறேன்.

என் பெயர் ஃபிர்மான். வெர்மேர்ஷ் குடும்பத்தின் கார் சாகசக் காட்சியில் மைக் பிடிப்பவன். காட்சியை நடத்துகிற கிஸ்லேன் வெர்மேர்ஷ் என் அக்காள் ஒடிலின் கணவர். அவர்களுக்கு ஒரே மகள், ஆன்யெஸ். அவ்வளவுதான் ஆட்கள். ஜினெட் என்று ஒரு சிவப்புக் கார் உண்டு. அதையும் ஆளாகச் சேர்த்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம், உங்களுக்குக் கட்டாயமில்லை.

இனி நான் ஒதுங்கிக்கொள்கிறேன். கதை ஆன்யெஸுடையது, அவள் மனசுக்குள் உட்கார்ந்துதான் சொல்லப்போகிறேன். அங்கே நான் போனதில்லை. ஆனால் மைக் பிடித்தே வயிறு வளர்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு தடையா?

2

தொடக்கம், முதல் முயற்சி: "காரின் பின்சீட்டில் பிறந்தவள் ஆன்யெஸ்."

(பொய். ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். மைக் புத்தி. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "வேகம் என்பது ஒரு குடும்பத்தின் ரத்தத்தில் ஓடுகிறபோது"

(இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முடிக்காமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.)

மூன்றாம் முயற்சி: "மண்மூட்டைக்குப் பதிலாக வளர்ந்தவள் ஆன்யெஸ்."

இது நிற்கிறது. ஏனென்றால் இது நடந்தது. காரை இரண்டு சக்கரத்தில் ஓட்டுவது எங்கள் காட்சியின் உச்சம். இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஒரு சாய்வுப் பலகையில் ஏற்றினால் கார் ஒருக்களித்து எழும்பும். பிறகு வலப்பக்கச் சக்கரங்களில் நின்றபடியே ஓடவேண்டும். மேலே தூக்கிய பக்கம் பாரம் இருந்தால்தான் கவிழாது. அதற்காகப் பின்சீட்டின் இடப்பக்கம் மண்மூட்டைகளைக் கட்டி வைப்பார் கிஸ்லேன். ஆன்யெஸ் நிமிர்ந்து உட்காரும் வயது வந்ததும் ஒரு மூட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவளைக் கட்டினார். இன்று செய்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று கேட்பார் இல்லை.

மற்ற வீடுகளில் பிள்ளை வளர்ந்தால் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுவார்கள். அவர்கள் வீட்டில் ஒரு மூட்டை குறையும். பிறந்தநாள் கேக் வாயில் இருக்கும்போதே அவளைத் தராசில் நிறுத்திவிட்டுக் கிஸ்லேன் கத்துவார்: "ஒடில், வந்து பாரு! நம்ம பொண்ணு ரெண்டு மூட்டை ஆயிட்டா!" ஊர் ஊராகப் போனதால் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. அராஸ் ஊர்ப் பள்ளியில் டீச்சர் எடை கேட்டபோது அவள் எழுந்து நின்று "ரெண்டரை மூட்டை" என்றாளாம். வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் நாங்கள் குடியிருந்த வண்டிக்கு வந்து அழுதாள்.

சாப்பாட்டு மேசையிலும் கார்தான். நீள ரொட்டி சாய்வுப் பலகை, உப்புக் குப்பி ஜினெட்.

"உப்பக் குடு, கிஸ்லேன். சூப்பு சப்புனு இருக்கு."

"இரு, இந்தத் திருப்பத்த மட்டும் காட்டிடறேன். பாரு ஆன்யெஸ், இங்க காத்து அடிக்குது. கவுறப் போகுது. எந்தப் பக்கம் திருப்புவ?"

"கவுற பக்கமே."

"அதான்! பயந்து எதிர்ப்பக்கம் திருப்பினா?"

"சமாதி."

"என் ராசாத்தி!"

"உப்பு!" என்பாள் என் அக்காள்.

சூப்பு ஆறிப்போகும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். இப்படி வளர்ந்த பெண்ணிடம், உனக்குக் கார் பிடிக்குமா என்று எவரும் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டபோது வயது பதினெட்டைத் தாண்டியிருந்தது. கேட்டதும் குழம்பிப் போனாள். இது ஆசையா, பழக்கமா, அப்பாமேல் இருக்கிற பாசமா? பெட்ரோல் வாசனை வந்தால் அவளுக்குப் பசித்தது. அது எந்தக் கணக்கில் சேரும்?*

* ஆன்யெஸ் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: "மாமா, பெட்ரோலுக்கெல்லாம் எனக்குப் பசிக்கல. பக்கத்துலயே உருளைக்கிழங்கு வறுவல் வண்டி நிக்கும். மத்ததெல்லாம் சரிதான். இத எப்படிக் கண்டுபிடிச்ச?"

3

ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். இது இல்லாமல் கதை இல்லை.

கார் இரண்டு சக்கரத்தில் ஓடும்போது ஒருவர் மேல்பக்கப் பின் ஜன்னல் வழியாக வெளியே வந்து, கதவின் விளிம்பில் உட்கார்ந்து சனத்துக்குக் கையசைப்பார். அப்போது உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் பேசக் கூடாது. இரண்டு சக்கரத்தில் பேச்சு கிடையாது. ஜன்னலில் இருப்பவர் பதில் சொல்லத் திரும்பினாலே பாரம் மாறும், பாரம் மாறினால் கார் மல்லாந்துவிடும். அதனால் அவருக்கு இரண்டே இரண்டு சொல்தான் மிச்சம். உள்ளங்கையால் கூரைமேல் ஒரு தட்டு தட்டினால், போ. இரண்டு தட்டினால், இறக்கு.

பல வருஷம் ஓட்டியது கிஸ்லேன், ஜன்னலில் உட்கார்ந்தது ஒடில். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். ஜினெட்டுக்குள் ஏறிவிட்டால் ஒரு தட்டு, இரண்டு தட்டு, அவ்வளவுதான். அவர்கள் நன்றாக வாழ்ந்ததே அந்த நிமிஷங்களில்தான் என்று ஒரு வரி எழுதி (அக்காள் படிப்பாள் என்பது நினைவுக்கு வந்து) அடித்துவிட்டேன்.

4

டிராம்.

கிளட்சுக்கு ஏதோ சாமான் வாங்க லீல் நகரத்துக்குப் போன ஒரு நாள், ஆன்யெஸ் டிராமில் ஏறினாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. ஓட்டியவள் ஒரு நடுவயதுப் பெண். வண்டி புறப்பட்டது, நின்றது. சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். யாரும் கைதட்டவில்லை. யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவில்லை. ஒரு பெரியவர் இறங்கும்போது "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.  இறங்கவேண்டிய இடத்தில் அவள் இறங்கவில்லை. வழித்தடத்தின் கடைசிவரை போனாள், அப்படியே திரும்பி வந்தாள். சாமான் வாங்க மறந்துவிட்டாள்.

பிறகு டிராம் ஓட்டும் வேலைக்கு ரகசியமாக மனுப் போட்டாள், தேர்வு எழுதினாள், கிடைத்துவிட்டது. பயிற்சி திங்கட்கிழமை காலை தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள்தான் பெத்யூன் காட்சி. அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என்னிடமும் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

"நீயே சொல்லும்மா."

"நானா? உங்கப்பனுக்கு என் குரல் கேட்டு எத்தன வருஷமாச்சு! நீ சொன்னாத்தான் அவர் காதுல ஏறும்" என்றாள் ஒடில்.

"அவர் சிரிப்பாரும்மா. ஸ்டியரிங் இல்லாத வண்டி. தண்டவாளம் போற பக்கம்தான் போகும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்காம இருந்தா என்ன பண்றதுன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

கிஸ்லேனை நான் வில்லனாக்குகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆகவே இந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன்.

4 (மறுபடியும்)

அந்த வாரம் கிஸ்லேன் அச்சகத்திலிருந்து ஒரு சுருளோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் எல்லாரையும் வண்டிக்கு வெளியே நிற்கவைத்துச் சுருளைப் பிரித்தார். சுவரொட்டி. மேலே கொட்டை எழுத்தில் "ஆன்யெஸ் வெர்மேர்ஷ், இரண்டு சக்கரத்தில்!" அடியில், கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய அளவில் அவர் பெயர்.

"ஞாயித்துக்கிழம நீதான் ஓட்டற. நான் ஜன்னல்ல உக்காரப் போறேன். மூட்டை கீட்டை ஒண்ணும் வேண்டாம். நான் இருக்கேன்ல" என்றார்.

ஆன்யெஸ் சுவரொட்டியைப் பார்த்தாள். தன் பெயரை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்த ஒன்றுக்கு மனசு ஏன் இப்படிக் குதிக்க வேண்டும்? அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் வானத்தைப் பார்த்தோம்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா?" என்றார் கிஸ்லேன்.*

* பிரெஞ்சுக்காரன் வாயில் கொழுக்கட்டை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அவர் சொன்னது வேறு. பொருள் இதுதான்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவள் முயன்றாள்.

காப்பி குடிக்கும்போது: "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." "டயர்ல காத்து எவ்வளவுன்னு பாத்தியா? அத மொதல்ல சொல்லு." டயருக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும்போது: "அப்பா, நாளைக்கு நான்..." "நாளைக்கு இருக்கட்டும், இன்னிக்கு வலப்பக்க டயரக் கல்லு மாதிரி வெச்சிரு." ஆட்டத்துக்கு முன்னால் அவர் தன் பழைய தோல் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். சட்டையின் தோள்கள் சரிந்து கைகள் தொங்கின. அதற்குப் பிறகு அவள் முயலவில்லை.

உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றபடி சனம் கயிற்றுக்குப் பின்னால் கூடியிருந்தது. எங்கள் மைதானமான அந்தக் கார் நிறுத்துமிடத்தின் வலப்பக்கக் கோடியில், தீயணைப்பு வண்டி வருவதற்காகக் கயிறு கட்டாமல் ஒரு திறப்பு விடவேண்டும்; அது சட்டம். அதற்கப்பால் ஊர்ச் சாலை. இந்தத் திறப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளன் இதைச் சொல்லாமல் சொல்லியிருப்பான்.

6

ஜினெட் பலகையில் ஏறியது. எழும்பியது. நின்றது.

இரண்டு சக்கரத்தில், ஆடாமல், ஆன்யெஸ் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின் ஜன்னலிலிருந்து கிஸ்லேன் வெளியே வந்து, கதவு விளிம்பில் அமர்ந்து கையசைத்தார். நான் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினேன். என் அக்காள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இதுவரை நான் கண்ணால் பார்த்தது.

இனி பார்க்காதது.

ஆன்யெஸின் தலைக்குமேல் வானம். காதுக்குப் பின்னால், எட்டினால் தொடும் தூரத்தில், அப்பாவின் முழங்கால். அவளுடைய ஜன்னலும் திறந்திருந்தது. திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. அப்பா இப்போது பேச முடியாது. சிரிக்க முடியாது. டயரைப் பற்றிக் கேட்க முடியாது. பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் பேசி அவர் கேட்டே தீரவேண்டிய ஓர் இடத்தில் இருவரும் இருந்தார்கள். அந்த இடத்தில் பேசக் கூடாது என்பதுதான் விதி. அவள் பேசினாள்.

"அப்பா, அசையாதீங்க. நாளைக்கு நான் லீல் போறேன். டிராம் ஓட்ட. வேலை கிடைச்சிருச்சு. அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். உங்ககிட்டதான் சொல்ல முடியல. இது பிடிக்காம நான் போகல அப்பா. பிடிச்சிருக்கான்னே தெரியல, அதான் போறேன். போகவா?"

(இந்த வசனத்தை ஆன்யெஸ்தான் எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வாள். "போகவா?" மட்டும் மாறியதில்லை.)

கூரைமேல் தட்டுச் சத்தம் கேட்டது.

ஜினெட் வலப்பக்கம் வளைந்தது. இரண்டு சக்கரத்தில், அப்படியே, தீயணைப்பு வண்டிக்கான அந்தத் திறப்பு வழியாகச் சாலைக்குப் போய்விட்டது. கடைசியாக நாங்கள் பார்த்தது ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த கிஸ்லேனை. கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

 ஒரு குழந்தை அழுதது. எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது. என் அக்காள் மட்டும் தட்டவில்லை. சாலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

7

அவர்கள் திரும்பி வந்தார்கள். அதை மறைத்து உங்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை. சனம் கலைந்த பிறகு, ஜினெட் நான்கு சக்கரத்தில், சமர்த்தாக, உருண்டு வந்தது. ஓட்டியது கிஸ்லேன். பக்கத்தில் ஆன்யெஸ், மடியில் ஒரு பொட்டலம் வறுவல். இருவரும் ஒரே பொட்டலத்தில் கை விட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. காற்றாலும் சிவக்கும். 

மறுநாள் காலை அவள் லீல் போனாள். கிஸ்லேன்தான் ரயிலடியில் கொண்டுபோய் விட்டார். வழியில் கார்பரேட்டரைப் பற்றிப் பேசினாராம்.

ஆகவே கேள்வி ஒன்றுதான். எத்தனை தட்டு?

ஆன்யெஸ் முதலில் சொன்னது: "ஒண்ணு. போன்னு சொன்னார், போனேன்."

கிஸ்லேனிடம் கேட்டேன். பொங்கிவிட்டார். "ரெண்டு, மச்சான்! இறக்குன்னு தட்டினேன். இவ காதுல வாங்கல. ரோட்டுல எதிர்ல ஒரு லாரி வந்திருந்தா? நாலு தலைமுறைக்கும் பேரு கெட்டிருக்கும்."

"அவ கேட்ட கேள்விக்குப் பதிலா தட்டினீங்களா மச்சான், இல்ல வண்டிய இறக்கச் சொல்லியா?"

 அவர் எழுந்து, ஜினெட்டின் பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

ஒடில் சொல்வது வேறு. "ஒண்ணும் கிடையாது, ரெண்டும் கிடையாது. இடப்பக்கத்துலேருந்து காத்து ஒரு அடி அடிச்சுது. வண்டி கவுறப் பாத்துது. அவ கவுற பக்கம் திருப்பினா, அந்தப் பக்கம் திறப்பு இருந்துது. அந்த மனுஷன் விழாம இருக்கக் கூரையப் பிடிச்சிருப்பார். நீங்க எல்லாரும் சேந்து அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கறீங்க." இது நியாயமாகப் படுகிறது. ஆனால் அன்று காற்றே இல்லை என்கிறார் கிஸ்லேன். காற்றைக் கணக்குப் போட்டே வாழ்ந்த இரண்டு பேருக்கு, அன்று காற்று அடித்ததா இல்லையா என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை.

ஒரு புத்தாண்டு விருந்தில், நாலு கோப்பை உள்ளே போன பிறகு, கிஸ்லேன் என் தோளில் கையைப் போட்டு, "ஒண்ணுதான் மச்சான்" என்றார். கண் கலங்கியிருந்தது. மறுநாள் கேட்டபோது, "என்ன ஒண்ணு?" என்றார்.

சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் ஆன்யெஸ் வந்தாள். நரை எட்டிப் பார்க்கிறது அவளுக்கும். "மாமா, இப்ப யோசிச்சா ரெண்டோன்னு தோணுது. நான்தான் ஒண்ணுன்னு கேட்டுக்கிட்டேனோ? அவர் வேண்டாம்னு சொல்லியும் நான் போயிருந்தா, இத்தன வருஷம் நான் ஓட்டினது என்ன? காலைல ஒவ்வொரு தடவ வண்டிய எடுக்கறப்பவும் இந்த நெனப்புதான் வருது. நீ வெளியில நின்ன. உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணா, ரெண்டா?"

நான் பார்க்கவில்லை. மைக் பிடிப்பவன் காரைப் பார்ப்பதைவிடச் சனத்தைத்தான் அதிகம் பார்ப்பான். அதுதான் தொழில். அந்த நொடியில் நான் வறுவல் தின்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இங்கே வரைக்கும் வந்தும் தெரியவில்லை.

8

கடைசியாக ஒன்று இருக்கிறது.

கிஸ்லேனுக்கு இப்போது ஓட்ட அனுமதியில்லை, கண் சரியில்லை. ஜினெட் கொட்டகையில் தூங்குகிறது. பின்சீட்டின் இடப்பக்கம் அவர் மண்மூட்டைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "பழக்கம்" என்கிறார். மாதத்துக்கொரு தரம் லீல் போய் மகளின் டிராமில் ஏறுகிறார். போன முறை நானும் கூடப் போனேன். ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டார். இடம் கொடுத்தாலும் உட்காரவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் எனக்குக் காட்டினார்: ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.

"பாத்தியா மச்சான்? இங்கயும் நம்ம விதிதான்" என்றார். பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

அவள் திரும்பவில்லை. ஆனால் அவர் நிற்பது அவளுக்குத் தெரியும், முதுகு நிமிர்ந்திருந்தது. நாங்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. கிஸ்லேன் இறங்காமல் நின்றார். கையைத் தூக்கினார். உள்ளங்கையால் அந்தக் கண்ணாடிமேல்

இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன், ஏனென்றால் சொன்னால் நான் மைக்கில் சொன்னது போலாகிவிடும். நீங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

இந்தப் பக்கத்தின்மேல் உங்கள் கை இருக்கிறது. உங்கள் மகளோ, மகனோ, நீங்களோ, யாரோ ஒருவர் எங்கேயோ "போகவா?" என்று கேட்டிருப்பார்கள். பேச வேண்டாம். தட்டுங்கள்.